எட்டாம் நம்பர் கேள்வி

கம்பெனியில் சொல்லி ஒரு கடிதம் வாங்கி வர ஒரு மனுஷிக்கு எத்தனை நாள் வேண்டும்? சின்னத்தாய்க்கு ஐந்து நாள் போதவில்லை. திங்கட்கிழமை ஹெச்.ஆர். மேடம் லீவு. செவ்வாய்க்கிழமை ஷிப்மெண்ட். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மறந்துவிட்டது. நேற்று ராத்திரி வெறுங்கையோடு வந்து நின்ற அம்மாவிடம் நதியா பேசாமல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

நதியா கேட்டது என்னவோ பெரிய சொத்துப் பத்திரம் இல்லை. 'எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் சின்னத்தாயின் மகள் நதியா' என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள் நதியா. ஸ்பானிஷ் மொழியும் சமூகவியலும் இரட்டைப் பாடம். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று காம்பவுண்டில் கேட்காத ஆள் கிடையாது. சம்பந்தம் அம்மாவின் கம்பெனியிலேயே இருந்தது. அங்கே தைக்கிற பனியன் எல்லாம் ஸ்பெயினுக்குத்தான் போகிறது. அந்தப் பனியனை வாங்கும் அந்த ஊர் பையர், அங்கே இருக்கும் ஒரு கல்லூரியோடு சேர்ந்து, ஆறு மாதப் படிப்புக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். தொழிலாளியின் பிள்ளையாக இருக்க வேண்டும், ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நாள் இன்று, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அனுப்ப மனசில்லாமல்தான் அம்மா இழுத்தடிக்கிறாள் என்று நதியா நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நானும் நீங்கள் அப்படி நினைக்கும்படியாகத்தான் எழுதியிருந்தேன். சின்னத்தாயிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

காலை ஏழு மணி. திருப்பூரில் வீரபாண்டி பிரிவுக்குப் பக்கத்தில், எட்டு வீடும் ஒரே குழாயும் உள்ள அந்தக் காம்பவுண்டில் மூன்றாவது வீடு. ஜெயபாண்டி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வீட்டில் காலைச் சமையல் அவருடையது.

நதியா கோபத்தை ஒரு பத்து நிமிஷத்துக்கு ஒத்திவைக்க வேண்டியிருந்தது. காரணம் கல்லூரி. பனியன் கம்பெனிப் பெண்கள் இருபது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பித் திங்கட்கிழமை சமூகவியல் பரணி மேடத்திடம் கொடுக்க வேண்டும். பத்தொன்பது முடிந்திருந்தது. இருபதாவதாக ஒத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நேற்றே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"அம்மா, பத்து நிமிஷம் ஒக்காரு. கொஞ்சம் கேள்வி கேக்கணும்."

"என்னத்தக் கேக்கப் போற?" சின்னத்தாயின் குரலில் பயம் இருந்தது. கடிதத்தைப் பற்றித்தான் என்று நினைத்துவிட்டாள்.

"காலேஜுக்கு. உன் வேலையப் பத்தி. உள்ளது உள்ளபடி சொல்லு, போதும்."

அட்டையில் தாளைச் செருகி, பேனாவின் மூடியைத் திறந்தாள் நதியா. அவ்வளவுதான், சின்னத்தாய் வேறு ஆளாகிவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"பேரு?"

"சின்னத்தாய்ங்க."

நதியாவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னத்தாய் சிவகங்கைப் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வந்து பதினாலு வருஷமாகியும் வீட்டுக்குள் அந்த 'ங்க' ஒரு நாளும் நுழைந்ததில்லை.

"வேலைக்கு எத்தன மணிக்குப் போற?"

"எட்டரைக்குங்க."

"வீட்டுக்கு?"

"அஞ்சரைக்கு வேல முடிஞ்சிருதுங்க."

"எந்த ஊர்ல?" அடுப்படியில் இருந்து ஜெயபாண்டி கேட்டார். "நேத்து வந்தப்ப மணி எட்டே முக்காலு."

"ஓ.டி. பாத்தா எங்க சம்மதத்தோடதாங்க."

"சூப்பர்வைசர் எப்பிடி நடந்துக்கிறாரு?"

"எல்லாரையும் மரியாதையா நடத்துறாங்க."

"முந்தாநேத்து அந்த ஆள நாசமாப் போவான்னு வஞ்சியே, அது யாருத்தா?" என்றார் ஜெயபாண்டி.

நதியா சிரித்துக்கொண்டே எழுதினாள். அம்மா விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாள். சின்னத்தாய் விளையாடவில்லை. தொழிலாளிகளைக் கம்பெனி எப்படி நடத்துகிறது என்று சோதிக்க பையர் அனுப்பும் ஆடிட்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார்கள். வருவதற்கு முந்தின வாரம் பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்துக் கேள்வியும் பதிலும் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி இவர்கள் ஒப்பிப்பார்கள். பதினோரு வருஷமாக ஒப்பித்தது. எதிரே ஒரு தாள், ஒரு பேனா, கேள்வி கேட்கும் ஒரு பெண் என்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

"எட்டாவது கேள்வி. பிள்ளைங்க எத்தன பேரு?"

இதைக் கேட்கவே தேவையில்லை. கேட்கும்போதே நதியாவின் கை 'ஒன்று' என்று எழுதி முடித்துவிட்டது.

"இல்லீங்க."

தோசைக்கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது. ஜெயபாண்டி கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன?" என்றாள் நதியா.

சின்னத்தாய் அப்போதுதான் எதிரே இருப்பது யார் என்று பார்த்தாள். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் எழுந்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். சாப்பாட்டுத் தூக்குச் சட்டி அடுப்புத் திண்டிலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் அப்பாவும் மகளும் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழக்கத்துல வாய் தவறி வந்திருக்கும்த்தா" என்றார் ஜெயபாண்டி.

"பழக்கம்னா? இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கா?"

ஜெயபாண்டி மேஜை மேல் கிடந்த நதியாவின் விண்ணப்பத்தை எடுத்து, உள்ளங்கையால் நீவி நீவி மடிப்பை எடுத்தார். அயர்ன் மாஸ்டர் கை. மனசு கலங்கினால் எதையாவது நீவிக்கொண்டிருக்கும்.

"எனக்குத் தெரியாதுத்தா. தெரிஞ்சா என் மூஞ்சியிலயே தெரியும்ல. நீ போயி அவளுக்குச் சோத்தக் குடு. காலையில ஒண்ணும் திங்கல. சண்ட போடாத."

கருகின தோசையையும் சேர்த்துத் தூக்குச் சட்டியில் வைத்து மூடிக்கொண்டு நதியா கிளம்பினாள். விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது கோபப்படப் பார்த்தாள், வரவில்லை. காதுக்குள் அந்த 'இல்லீங்க' மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அதில் கொஞ்சமும் தயக்கம் இல்லை என்பதுதான் அவளை என்னவோ செய்தது.

கம்பெனி ஆபீஸில் ஹெச்.ஆர். மேடம் கீர்த்தனா இருந்தாள். நதியாவைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்.

"உக்காருங்க. சொல்லுங்க, என்ன வேணுமுங்க?"

"செக்கிங்ல சின்னத்தாய்ங்க. அவங்க பொண்ணு நானு. ஒரு லெட்டர் வேணும். அம்மா இந்த வாரமெல்லாம் உங்ககிட்டக் கேட்டிருப்பாங்க."

கீர்த்தனாவின் நெற்றி சுருங்கியது. "என்கிட்ட யாரும் கேக்கலீங்களே. நான் திங்கக்கிழமையிலிருந்து இங்கதான் இருக்கேன்."

லீவும் பொய். கீர்த்தனா கம்ப்யூட்டரில் தேடினாள். எழுந்து போய் அலமாரியில் இருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். அதைப் புரட்டினாள், திரும்பவும் முதலில் இருந்து புரட்டினாள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ரெக்கார்டுல சின்னத்தாய்க்காவுக்குக் கொழந்தைங்களே இல்லைன்னு இருக்குதுங்க."

ஃபைலை நதியா பக்கம் திருப்பினாள். வருஷத்துக்கு ஒரு தாள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் 'குழந்தைகள்' என்ற இடத்துக்கு எதிரே 'இல்லை'. ஒவ்வொன்றின் அடியிலும் சின்னத்தாயின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து நதியாவுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டி அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கடைசி எழுத்தின் புள்ளியைக் குட்டி வட்டமாகப் போட்டால் அழகாக இருக்கும் என்று சொன்னதும் அவள்தான். பதினோரு தாளிலும் அந்தக் குட்டி வட்டம் இருந்தது.

ஓர் அட்டவணையில் பூஜ்யம் இருந்தால் அது அங்கே எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள் என்று பரணி மேடம் வகுப்பில் சொல்வார். நதியா அதை நோட்டில் அடிக்கோடு போட்டுக்கூட வைத்திருந்தாள். அந்தப் பூஜ்யம் தான்தான் என்று அவளுக்கு அப்போது எப்படித் தெரியும்?

"இத மாத்த முடியுங்களா?"

"மாத்தலாமுங்க. அக்கா வந்து திருத்தம்னு ஒரு ஃபாரம் எழுதித் தரோணும். ஓனர் கையெழுத்துப் போடோணும். அப்பறம் நான் லெட்டர் அடிச்சுத் தந்தர்றேன்." கீர்த்தனா தயங்கினாள். "அஞ்சு மணிக்குள்ளயா வேணுமுங்க?"

"ஆமாங்க."

"பதினொரு மணிக்கு டீ பெல் அடிக்கும். அக்காவப் பின்னாடி புங்க மரத்துகிட்ட வரச் சொல்றேன். பேசுங்க."

சின்னத்தாய் வந்தாள். கழுத்தில் தொங்கும் சின்னக் கத்தரிக்கோலைக் கழற்றக்கூட இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்தேன்."

இரண்டு பேரும் மரத்தடியில் கிடந்த பழைய பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னத்தாய் கத்தரிக்கோலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நீ மூணாப்பு. உங்கப்பன் லாரியில கிளீனரா வடக்க போயிருந்தாரு. பள்ளிக்கூடம் விட்டா உன்ன எங்கிட்டு விடுறது? காம்பவுண்டுல பகல்ல ஒரு சனம் இருக்காது. மொதலாளிதான் சொன்னாரு, உன் செக்கிங் டேபிளுக்கு அடியில ஒக்கார வச்சுக்கன்னு. வேற எந்தக் கம்பெனியில அப்பிடிச் சொல்லுவாக? நீயும் வந்து ஒக்காந்து சமத்தாப் படிப்ப. ஆடிட்டு திங்கக்கிழமன்னு சொல்லியிருந்தாக. வெள்ளிக்கிழமையே வந்து வாசல்ல நிக்கிறாக. கம்பெனிக்குள்ள சின்னப் பிள்ளையப் பாத்தா ஆர்டரையே நிறுத்திப்புடுவாக."

"அட்டப் பெட்டி" என்றாள் நதியா.

"ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

நன்றாக இருந்தது. பேக்கிங் பிரிவில் பெரிய அட்டைப் பெட்டி. கையில் ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலம். சத்தம் போடாமல் இருக்க வேண்டும், அம்மா கூப்பிட்ட பிறகுதான் வெளியே வர வேண்டும், அதுவரை இருந்தால் நீதான் ஜெயித்தாய் என்று அம்மா சொன்னாள். பெட்டிக்குள் பனியனில் தைக்கிற லேபிள் கட்டு ஒன்று கிடந்தது. பக்கவாட்டில் இருந்த ஓட்டைகளின் வழியாக வெளிச்சம் விழுந்தது. நேரம் போகாமல் அந்த லேபிள்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டினாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், வார்த்தை மட்டும் இங்கிலீஷ் இல்லை. பத்து வருஷம் கழித்துக் கல்லூரியில் ஸ்பானிஷ் வாத்தியார் முதல் நாள் போர்டில் எழுதிய வார்த்தைகளில் இரண்டு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. துவைப்பது, தேய்ப்பது.

"விளையாட்டுன்னு சொன்னம்மா. நான்தான் ஜெயிச்சேன்னு சொன்ன. இன்னைக்குக் காலையில வரைக்கும் நான் ஜெயிச்சதாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். பிறகு தானே நிறுத்திக்கொண்டாள்.

"வந்தது ஒரு வெள்ளக்காரம்மா, சங்கிலி கோத்த கண்ணாடி போட்டுக்கிட்டு. கூட வந்த பொண்ணு தமிழ்ல கேட்டுச்சு, ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா, நீங்க வேலைக்கு வந்துட்டா யாரு பாத்துக்கிறாங்கன்னு. நீ பத்தடி தூரத்துல பெட்டிக்குள்ள இருக்க. இருக்குன்னா எங்கன்னு கேப்பாக. கேட்டா நான் எங்கிட்டுப் பாப்பேன்? இல்லீங்கன்னுட்டேன். அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லுச்சு. என்னன்னு கேட்டேன். ஒங்களுக்குக் கொழந்த பொறக்கணும்னு வேண்டிக்கிறாங்களாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

நதியா பெஞ்சில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ இல்லைன்னுட்டு மறுதடவ எப்பிடி இருக்குங்கிறது? வருசா வருசம் அதையே சொன்னேன். மத்த பொய்யெல்லாம் வாயில வந்து வாயிலயே போயிரும். இத மட்டும் சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள்ள சுருக்குங்கும். இன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னேன் பாரு, அப்ப சுருக்குங்கல. ஒண்ணுமே தோணல. அதான் பயந்து ஓடியாந்துட்டேன்."

நதியா தூக்குச் சட்டியைத் திறந்தாள். தோசையைப் பிய்த்து அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கருகியிருக்கு" என்றாள் சின்னத்தாய், மென்றுகொண்டே.

"உன்னாலதான்."

ஒருநாளும் இல்லாத ருசி அந்தக் கருகின தோசைக்கு. நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. ஆனால் சின்னத்தாய் அதை முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"வா, மொதலாளியப் பாப்போம்" என்றாள். ஆறு நாளாக வராத தைரியம் எங்கிருந்து வந்ததோ, மகளுக்கு முன்னால் அவளே நடந்தாள்.

முதலாளி ஆறுச்சாமி மத்தியானத்துக்கு மேல்தான் ஆபீஸுக்கு வந்தார். வயசு அறுபது. நாலு மெஷினோடு ஆரம்பித்துக் கம்பெனியை இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர். நல்லவரா கெட்டவரா என்று என்னிடம் கேட்டால், திருப்பூரில் அவரைப் போல நூறு பேர் இருக்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

"வா சின்னத்தாயி. அட, அம்முணியா இது? உக்காரு கண்ணு, உக்காரு."

சின்னத்தாய் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். கீர்த்தனா ஃபாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆறுச்சாமி அதைக் கையில் எடுக்கவில்லை.

"சீட்டுக் குடுக்கறதும் அந்த பையர்தான். ஆடிட்டு அனுப்புனதும் அந்த பையர்தான். இப்ப இதைய மாத்துனா, பதினோரு வருசமா பொய்யா எழுதி வெச்சிருந்தீங்கன்னு அவிங்க கேக்க மாட்டாங்களா? இருநூறு பேரு வேல பாக்கற எடம் சின்னத்தாயி." அவர் குரல் உயரவே இல்லை. "அம்முணி வேற எங்க வேணும்னாலும் படிக்கட்டும். செலவ நான் பாத்துக்கறேன்."

"செலவுக்கு வரல மொதலாளி. லெட்டருக்கு வந்தேன்."

பதினோரு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் மறுப்பு அதுதான். ஆறுச்சாமி அவளையும் நதியாவையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஃபாரத்தைப் படித்தார்.

"சரி. காரணம்னு ஒரு எடம் இருக்குது. எழுத மறந்துட்டேன்னு எழுதிப்போடு. எல்லார்த்துக்கும் அதுதான் நல்லது."

சின்னத்தாய் பேனாவை எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் முனையை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள்.

"பெத்த பிள்ளைய மறந்துட்டேன்னு எப்பிடி மொதலாளி எழுதுறது?"

அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

சின்னத்தாய் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். 'பயத்தில் இல்லை என்று சொன்னேன். எனக்கு ஒரு மகள். பெயர் நதியா.' கீழே கையெழுத்துப் போட்டாள். கடைசியில் அந்தக் குட்டி வட்டம்.

ஆறுச்சாமி அதை ரொம்ப நேரம் படித்தார். மூன்று வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"அந்தப் பெட்டியில ஓட்டை போட்டது நாந்தானுங் கண்ணு" என்றார், நதியாவைப் பார்க்காமலே. "புள்ள மூச்சு விடோணும்ல. குத்தூசி வாங்கி நானே போட்டேன்."

"தெரியாதுங்க" என்றாள் நதியா. "அந்த ஓட்டையில வந்த வெளிச்சத்துலதாங்க நான் லேபிளெல்லாம் படிச்சேன்."

நன்றி சொல்கிறாளா, குறை சொல்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கவில்லை. அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் அடித்து, முத்திரை குத்தி, ஆபீஸைவிட்டு இருவரும் வெளியே வரும்போது மணி மூன்றரை. சின்னத்தாய் பெர்மிஷன் போட்டுவிட்டாள். வெயில் இருக்கும்போது அவள் கம்பெனி கேட்டைத் தாண்டி எத்தனை மாதம் ஆகிறதோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள்.

பிரிவு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பிரவுசிங் சென்டர். ஜெயபாண்டியும் வேலையில் சொல்லிக்கொண்டு வந்து வாசலில் காத்திருந்தார். நதியா வழியிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி ஒரு தடவை நீவிவிட்டு, "வெயில்ல வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நதியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். ஃபாரம் முழுக்க ஸ்பானிஷ். பெயருக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் 'நதியா' என்று அடித்தாள். இரண்டாவதில் 'ஜெயபாண்டி'.

"என் பேரு" என்றார் ஜெயபாண்டி. இங்கிலீஷ் எழுத்தில் தன் பெயர் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது கட்டத்தில் நதியா மெதுவாக அடித்தாள்.

"அது என்ன?" என்றாள் சின்னத்தாய்.

"உன் பேரும்மா. அந்த ஊர்ல பிள்ளையோட பேருக்குப் பின்னால அப்பா பக்கத்துப் பேரும் வரும், அம்மா பக்கத்துப் பேரும் வரும். ரெண்டும் போடணும்."

"அம்மா பேரு போடாட்டி?"

"கட்டம் காலியா இருக்கும்."

சின்னத்தாய் திரையில் விரலை வைத்தாள். நதியா, ஜெயபாண்டி, சின்னத்தாய். மூன்றையும் ஒரு தரம் தொட்டாள். கண்ணாடித் திரையில் விரல் படக் கூடாது என்று கடைக்காரர் சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

நாலு மணி முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மூன்று பேரும் பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நதியா பையில் இருந்து காலைக் கேள்வித்தாளை எடுத்தாள். ஒன்று முதல் ஏழு வரைக்கும் எழுதியிருந்ததை எல்லாம் கோடு போட்டு அடித்தாள். எட்டாவதில் அவள் கேட்காமலே எழுதிய 'ஒன்று' அப்படியே இருந்தது. அதை மட்டும் அடிக்கத் தேவைப்படவில்லை.

அப்போது போனில் மெயில் வந்தது. நதியா படிக்கப் படிக்க அவள் கையில் இருந்த டீ ஆறியது.

"என்னத்தா?" என்றார் ஜெயபாண்டி.

"புதன்கிழமை நேர்காணல். வீடியோவுல. கம்பெனியில வேலை பாக்குற அம்மாவோ அப்பாவோ கூட இருக்கணுமாம். அவங்ககிட்டயும் சில கேள்வி கேப்பாங்களாம்." அவள் திரையை இன்னும் கீழே தள்ளினாள். "பேசப்போறவங்க பேரு பிலார். பன்னெண்டு வருஷமா இந்தியாவுக்கு வந்து கம்பெனிங்கள ஆடிட் பண்றவங்களாம்."

சின்னத்தாய் பன்னை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நரைச்ச முடியா? சங்கிலி கோத்த கண்ணாடி போட்டிருக்கா?"

"படம் இல்லம்மா."

சின்னத்தாயின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். 'மொதலாளி' என்று இருந்தது. மெயிலின் நகல் கம்பெனிக்கும் போயிருக்கும். அவள் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே இரண்டாம் தடவையும் அடிக்க ஆரம்பித்தது.

"அம்மா, உனக்கு வேணாம்னா சொல்லு. அந்த இடமே வேணாம். நான் இங்கயே படிக்கிறேன்."

சின்னத்தாய் அடிக்கிற போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்தம்மாவாவே இருந்தா நல்லதுத்தா" என்றாள். "எனக்காகச் சாமிகிட்டக் கேட்டவுக. பதில் சொல்லணும்ல. மொதக் கேள்வியா அந்த எட்டாம் நம்பரையே கேக்கச் சொல்லு."